நூற்றுக்கு எட்டு

யாகப்பம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தங்கச்சிமடம் முழுக்கத் தெரிந்த சங்கதி. நியாயம் என்று பட்டுவிட்டால் பங்குச்சாமியாரிடமும் மல்லுக்கு நிற்பாள், பஸ் கண்டக்டரிடமும் நிற்பாள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று புத்தி சொல்ல வந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்டவளை ஒரு மனுஷன் குரலை உயர்த்தாமல், ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாமல், சிரித்த முகத்தோடு விலைக்கு வாங்கினான் என்றால் அவன் எத்தனை கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்? அந்த வயிற்றெரிச்சல்தான் இது.

சென்னையில் ஒரு கம்பெனியில் அவள் பல வருஷம் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் இருக்கிற டாக்டர்களுக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு பில் எழுதுகிற வேலை. அங்கே பகலென்றால் இங்கே ராத்திரி. கண் கெட்டது, வயிறு கெட்டது, வந்த வரன்களும் கெட்டுப் போயின. அம்மா படுத்த படுக்கையானதும் ஊருக்கு வந்தவள், அம்மாவை அடக்கம் பண்ணிய பிறகு திரும்பிப் போகவில்லை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அறை பிடித்து, கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. இன்சூரன்ஸ் கார்டு என்கிற ஒன்று அப்போதுதான் கடற்கரை ஜனங்களின் கைக்கு வந்திருந்தது. மீனவர் சங்கம் ஒரு தனியார் கம்பெனியோடு பேசி, ஆளுக்குக் கொஞ்சம் சந்தா பிடித்து, குடும்பத்துக்கு ஒரு கார்டு வாங்கிக் கொடுத்திருந்தது. கார்டு இருக்கிற நோயாளி ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டாம். என்ன வியாதி, என்ன வைத்தியம், எத்தனை நாள் என்று ஆஸ்பத்திரி எழுதி அனுப்பினால் கம்பெனி நேராக ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிடும். எழுத்து ஒழுங்காக இல்லாவிட்டால் கொடுக்காது, ஆயிரத்தெட்டு கேள்வி கேட்கும். டாக்டர்களுக்கு ஊசி போடத் தெரியும், இது தெரியாது. யாகப்பம்மாளுக்குத் தெரியும். அதுதான் அவள் பிழைப்பு.

கூலியை அவள் நேர்கோடாக வைத்திருந்தாள். ஒரு ஃபைலுக்கு இவ்வளவு, அவ்வளவுதான். காய்ச்சலாக இருந்தாலும் கர்ப்பப்பை ஆபரேஷனாக இருந்தாலும், கம்பெனி கொஞ்சமாகக் கொடுத்தாலும் கொட்டிக் கொடுத்தாலும், அவளுக்கு அதே கூலி. பில் பெரிதாவதில் அவளுக்கு ஆதாயமில்லை, சின்னதாவதில் நஷ்டமில்லை. அதனால் பில்லைப் பார்க்கும்போது அவள் கண்ணுக்குப் பில் மட்டும்தான் தெரிந்தது.

அவளிடம் ஃபைல் கொடுத்த ஆஸ்பத்திரிகளில் பெரியது டாக்டர் பூமிநாதனுடையது. அவர் அபிராமத்துக்காரர், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்தவர் என்று சுவரில் மாட்டாத குறையாக எல்லோரிடமும் சொல்லுவார். பேச்சில் அப்படி ஒரு பதம். கிழவிகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டீங்களா ஆத்தா என்று கேட்டால் பாதி நோய் அங்கேயே போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் பில்.

அந்தப் பில்லில்தான் யாகப்பம்மாளுக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை. ரெண்டு நாள் படுத்துப் போனவருக்கு நாலு நாள் ரூம் வாடகை ஏன் என்று கேட்பாள். போடாத பாட்டிலை எப்படி எழுத முடியும் என்று கேட்பாள். கேட்டுவிட்டு அந்த வரியைப் பேனாவால் அடித்தும் விடுவாள். டாக்டர் கோபப்பட மாட்டார். அம்மா சொன்னா சரிதான் என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். உள்ளே போய் என்ன யோசித்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் டீ வரவழைத்துக் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"நீ ஏம்மா வேத்தாள் மாதிரி கூலி வாங்கிட்டுப் போற? இது நம்ம ஆஸ்பத்திரி. கம்பெனிக்காரன் குடுக்கிறதுல நூத்துக்கு எட்டு உனக்குப் பங்கு. இனிமே நீ கூலியாளு இல்ல, பங்குக்காரி."

அந்த வார்த்தையைத் தெரிந்து போட்டாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா தெரியாது. ஆனால் இதைவிடப் பொருத்தமான தூண்டில் அவளுக்குக் கிடையாது. கடற்கரையில் சம்பளத்துக்குப் போகிறவனை ஒரு ஆளாகவே மதிக்க மாட்டார்கள். விசைப்படகில் ஏறுகிறவன் பங்குக்குத்தான் ஏறுவான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் போட்டுக்காரருக்கு ஒரு பாகம், ஆட்களுக்கு ஒரு பாகம் என்று பிரித்துக்கொள்வார்கள். மீன் பட்டால் எல்லோருக்கும் பட்டது, படாவிட்டால் எல்லோர் வீட்டிலும் ரசம்தான். ஒருத்தன் இன்னொருத்தனை ஏமாற்ற வழியில்லை, ஏனென்றால் எல்லார் கண்ணும் ஒரே வலையின் மேல் இருக்கும். இந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்குப் பங்கு என்றால் மரியாதை, கூலி என்றால் குறைச்சல். கடல் தெரியாத உள்நாட்டுக்காரி யாராவதாக இருந்தால், இந்த மனுஷன் எதற்கு வலிய வந்து கொடுக்கிறான் என்று ஒரு தடவையாவது யோசித்திருப்பாள். இவள் யோசிக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்து போய், சரி டாக்டர் என்றாள்.

கொஞ்சம் உறுத்தாமல் இல்லை. சென்னைக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் வகுப்பெடுத்த அம்மா ஒன்று சொல்லியிருந்தாள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் பில் எழுதுகிறவருக்கு டாக்டர் சதவீதம் கொடுப்பதைச் சட்டமே விடாது, ஃபைலுக்கு இவ்வளவு அல்லது மணிக்கு இவ்வளவு என்றுதான் கொடுக்கலாம் என்று. ஏன் என்று ஒருத்தன் கேட்டான். தொகை பெருத்தால் எழுதுகிறவரும் பெருப்பார், அப்புறம் யார் குறைப்பது என்றாள் அந்த அம்மா. வகுப்பே சிரித்தது. யாகப்பம்மாளும் சிரித்தாள். அது வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சனை. இங்கே அப்படிச் சட்டம் ஏதும் உண்டா என்று பேச்சுவாக்கில் டாக்டரிடம் கேட்டதற்கு, அதெல்லாம் இங்கன யாரு போட்டா என்று அவரும் சிரித்தார். அத்தோடு அந்த உறுத்தல் அடங்கிவிட்டது.

அண்ணன் வியாகுலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவன் சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்து ஓட்டுகிறவன். எஞ்சின் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்த நெரிசலிலும், தங்கச்சிக்கு ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில பங்குல்ல என்று டீக்கடையில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதற்குப் பிறகு அவள் பொய் எழுதினாளா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. அவள் பொய் எழுதவே இல்லை. கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். முன்னால், இல்லாததை ஏன் போட்டீர்கள் என்று கேட்டவள், இப்போது இருந்ததை எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். இவருக்கு மூச்சுத் திணறல் இருந்ததா டாக்டர் என்பாள். இருந்துச்சும்மா என்பார். ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்த்தீர்களா என்பாள். வச்சோம்ல என்பார். அவர் சொல்லுவார், அவள் எழுதுவாள். அந்த ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. என்பது ஒரு கட்டிலும் ஒரு திரைச்சீலையும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? நோயாளி கைக்காசு கொடுக்கவில்லை, கும்பிட்டுவிட்டுப் போகிறான். டாக்டருக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். கம்பெனிக்காரன் காசு யார் வீட்டுக் காசு? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். ஒருகாலத்தில் ஒரு பாட்டில் குளுகோஸுக்காக டாக்டரோடு மல்லுக்கு நின்ற அதே யாகப்பம்மாள்தான் இது.

மிக்கேலம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. யாகப்பம்மாளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் புருஷன் யேசுதாஸ் வியாகுலத்தின் படகில்தான் போய்க்கொண்டிருந்தான். மூட்டெல்லாம் வீங்குகிற அந்தக் காய்ச்சல் தங்கச்சிமடம் இருக்கிற தீவு முழுக்கப் பரவிய வருஷம் மிக்கேலம்மாளும் படுத்தாள். யாகப்பம்மாள்தான் கைத்தாங்கலாகப் பூமிநாதனிடம் கூட்டிப்போய்ச் சேர்த்தாள். மூன்று நாள் பாட்டில் ஏற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பில்லில் அது நுரையீரல் அழற்சியாகி, மூச்சுத் திணறலாகி, ஐ.சி.யூ.வாகி நின்றது. ரெண்டு மாதம் கழித்து அவள் மாமியாரின் இருமலும் அதே வழியில் போனது. அந்த வீட்டுக் கார்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம்தான், அது தீர்ந்தால் தீர்ந்தது என்று யாகப்பம்மாளுக்கு நன்றாகத் தெரியும். கிழவியின் பில்லில் கடைசிப் பகுதியைக் கம்பெனி வெட்டியபோது, தொகை தீர்ந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. எதற்கு? தன் எட்டில் கொஞ்சம் குறைந்துவிட்டதே என்று. அந்தக் கோபத்தை நினைத்துப் பார்க்கப் பின்னால் அவளுக்கே கூசியது.

மிக்கேலம்மாள் ஒன்றும் அறியாதவளாக டாக்டர் வீட்டுக்கு ஒரு கூடை நண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒத்த ரூபா கேக்கலையே, இப்படி ஒரு டாக்டரு எங்கன கிடைப்பாரு என்று ஊரெல்லாம் சொன்னாள்.

கிறிஸ்மஸ் கழிந்து முதல் தடவையாகப் படகுகள் போன அன்று யேசுதாஸுக்கு அடிபட்டது. மடிவலையை இழுக்கிற விஞ்ச் உருளையில் கம்பிவடம் சுற்றிக்கொண்டிருந்தபோது கால் சிக்கிவிட்டது. வியாகுலம் எஞ்சினை நிறுத்துவதற்குள் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போயிருந்தது. வலையை அப்படியே அறுத்து விட்டுவிட்டுக் கரைக்கு விரட்டிக்கொண்டு வந்தான். பூமிநாதன் பார்த்துவிட்டு, கட்டுப் போட்டு, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. மிக்கேலம்மாளின் கழுத்துச் சங்கிலியை வைத்து, வியாகுலம் அங்கே இங்கே புரட்டிக் கொடுத்ததைப் போட்டு, முதல் ஆபரேஷன் நடந்தது. எலும்பைச் சேர்த்துக் கம்பி போட்டார்கள். ஆனால் ஓரிடத்தில் சதை செத்துப்போய் எலும்பு வெளியே தெரிந்தது. வேறு இடத்துச் சதையை எடுத்து அங்கே வைத்து மூட வேண்டும், இந்த வாரத்துக்குள் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடித்துக் காலை எடுக்க வேண்டியதாகிவிடும் என்று அங்கிருந்த சர்ஜன் பளிச்சென்று சொல்லிவிட்டார். மிக்கேலம்மாள் பயப்படவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு தைரியமாகக் கவுண்டருக்குப் போனாள். கார்டில் ஒன்றும் இல்லை, போன மழைக்காலத்திலேயே தீர்ந்துவிட்டது, புதுத் தொகை ஏற இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றார்கள். நான் காய்ச்சல்ல படுத்ததுக்கா ஒரு லட்சம் என்று அவள் சிரித்தே விட்டாளாம். தப்பாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்து யாகப்பம்மாளுக்குப் போன் போட்டாள். நீதானடி எழுதுன, என்ன ஏதுன்னு கேட்டுச் சொல்லு என்றாள்.

பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? எழுதிய கை அவளுடையது. கம்பெனி மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மிக்கேலம்மாள் மேல்கூடக் கோபப்பட்டுப் பார்த்தாள், அடச்சீ என்று வந்தது. அண்ணனைக் கேட்கவும் வழியில்லை. படகில் அடிபட்டவன் எழுந்து வருகிறவரை அவனுடைய பங்கு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அண்ணன் அறுந்த வலைக்கும் கடன் வாங்கி, யேசுதாஸின் பங்கையும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தான். அது மதுரையில் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் சரியாகப் போனது. தன் கையிருப்பை வழித்துப் பார்த்தாள். ஆபரேஷனில் கால்வாசிக்குக்கூட வரவில்லை.

டாக்டரின் அறைக் கதவை அன்றைக்குத் தட்டாமல் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே இருந்த நோயாளியை வெளியே இருக்கச் சொன்னாள். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். அவள் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மிக்கேலம்மாளின் பில்லும் மாமியார் பில்லும் கூடுதலாகப் போய்விட்டன என்று கம்பெனிக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள், கட்டினால் கார்டில் மறுபடி ஏறும், நான் கம்பெனியில் பேர் சொல்லாமல் விசாரித்துவிட்டேன், இந்த வாரத்துக்குள் முடியும் என்றாள். என் பங்கையும் இதோ தருகிறேன் என்று கொண்டுவந்ததை மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைத் தொடவில்லை. கூடுதல் என்று எழுதிக் கொடுத்தால் என்ன அர்த்தம் தெரியுமா, திருட்டு என்று அர்த்தம் என்றார். திருட்டுதானே டாக்டர் என்றாள் அவள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்த முகம் மாறவில்லை.

"சட்டப்படி பாத்தா கையெழுத்து என்னோடது. உன் மேல ஒண்ணும் வராது, பயப்படாத. நியாயப்படி பாத்தா நீயும்தாம்மா பங்குக்காரி. ஒவ்வொரு மாசமும் வாங்கும்போது இந்தக் கோபம் எங்கன போச்சு?"

யாகப்பம்மாளுக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் அதிகமாக எரிந்தது. அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு எல்லாம் வெட்ட வெளிச்சமானது. இந்த மனுஷன் மரியாதைக்காகப் பங்கு கொடுக்கவில்லை. அவருடைய பில்லை அடித்துவிட ராமநாதபுரத்தில் ஒரே ஒருத்தி இருந்தாள். அவளை வேலையை விட்டு நிறுத்தினால் கம்பெனிக்கு ஒழுங்காக எழுத வேறு ஆளில்லை. அதனால் நிறுத்தவில்லை. அடிக்கிற கைக்கே எட்டைக் கொடுத்துவிட்டார். எவ்வளவு மலிவாகப் போயிருக்கிறாள்.

"நாங்க கடல்ல பங்கு போடுறது மீன, டாக்டர். நீங்களும் நானும் இங்கன உக்காந்து பங்கு போட்டது யேசுதாஸு கால. பங்குன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்ச முட்டாச் சிறுக்கி நான். ஆனா நீங்க முட்டாள் இல்லையே. நீங்க தெரிஞ்சுதானே குடுத்தீங்க?"

 டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஆபரேஷனுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அவள் சொன்னாள். முழுத் தொகைக்கும் நாளைக் காலையில் டிராஃப்ட் எடுத்துத் தருகிறேன், அந்த மதுரை ஆஸ்பத்திரி பேருக்கே எடுத்துத் தருகிறேன் என்றார். என் சொந்தக் காசு, பாவப்பட்ட குடும்பத்துக்கு என்னாலான உதவி, நண்டெல்லாம் கொண்டுவந்து கொடுத்த பொம்பளை என்றார். அதற்கு ரெண்டே ரெண்டு காரியம் அவள் செய்ய வேண்டும். கம்பெனிக்கு ஒரு வரி எழுதக் கூடாது. உதவி பண்ணியது டாக்டர் என்று மிக்கேலம்மாளிடம் சொல்ல வேண்டும். மற்றபடி ஃபைல்கள் எப்போதும்போல வரும், எட்டும் எப்போதும்போல வரும், வேண்டுமானால் பத்தாக்கிக்கொள்ளலாம் என்றார்.

பார்த்தீர்களா இந்த அநியாயத்தை? அவர்கள் கார்டிலிருந்து உருவிய காசையே உதவி என்று பெயர் மாற்றிக் கொடுத்து, கும்பிடும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவள் கை பரபரத்தது. கவிழ்த்திருந்தால் அவளுக்கு நெஞ்சு ஆறியிருக்கும். யேசுதாஸுக்குக் கால் போயிருக்கும். எட்டும் வேண்டாம், பத்தும் வேண்டாம், ஒத்த ரூபாய் வேண்டாம், டிராஃப்டைக் கொடுங்கள், நான் எழுதவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.  அவர், எட்டா பத்தான்னு நல்லா யோசிச்சு வை, அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த நோயாளிக்கு மணியை அடித்தார்.

மறுநாள் மதுரை பஸ்ஸில் போகும்போது டிராஃப்ட் இருந்த கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டே போனாள். பரமக்குடி தாண்டுகிற வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டு போனாள். அப்புறம் தன்னைத் திட்டத் தொடங்கி மதுரை வரைக்கும் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், உடம்புக்கு முடியலையா தாயி என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

டாக்டர் செய்த உதவி என்று மிக்கேலம்மாளிடம் சொல்லி டிராஃப்டைக் கட்டிய மறுநாளே ஆபரேஷன் நடந்தது. பாதி நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அதற்கடுத்த நாளும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் சர்ஜன் கட்டை விலக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வைத்த சதை பிடித்துக்கொண்டது, பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது, விரலை அசைக்கிறார், காலுக்கு இனி ஆபத்தில்லை என்றார்.

மிக்கேலம்மாள் அந்த வராந்தாவிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டாள். கூப்பிட்ட வரிசையில் கடைசியாக டாக்டர் பூமிநாதன் பெயரும் வந்தது. அந்தோணியாரே மனுஷ ரூபத்தில் வந்த மாதிரி என்றாள். ஊருக்குப் போனதும் அவருக்குக் கோயிலில் பூசை வைக்க வேண்டும் என்றாள். எழுந்து வந்து யாகப்பம்மாளின் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், முத்தம் கொடுத்தாள். நீ இல்லாட்டி என் புருஷன் நொண்டியாயிருப்பான்டி என்று அழுதாள்.

எதைப் பொறுத்தாலும் அந்த முத்தத்தை யாகப்பம்மாளால் பொறுக்க முடியவில்லை. எழுதிய கைக்கு முத்தமா? கையை உருவிக்கொண்டாள். அவளை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல் எப்படி ஐ.சி.யூ. ஆனது, மாமியார் இருமல் என்ன ஆனது, ஒரு லட்சம் எங்கே போனது, அதில் நூற்றுக்கு எட்டு யார் கைக்கு வந்தது, டாக்டர் எதற்காக டிராஃப்ட் கொடுத்தார், என்ன வாக்கு வாங்கிக்கொண்டு கொடுத்தார், எல்லாவற்றையும்.  தன்னை நல்லவளாக்கிக்கொள்ள ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கன்னத்தில் விழப்போகிற அறைக்காகக் காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்று இருந்தது. மிக்கேலம்மாளும் சட்டென்று கை ஓங்குகிறவள்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு ரிப்பனுக்காக இவளையே அடித்தவள்.

மிக்கேலம்மாள் அறையவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு ஒரு ஆளிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"அப்ப டாக்டரு குடுத்தது எங்க காசுதான்."

"ஆமா."

"அத நீதான் வாங்கியாந்த. அதுலயும் உனக்கு நூத்துக்கு எட்டா?"

"இல்லடி. மாதா சத்தியமா இதுல எனக்கு ஒண்ணும் கிடையாது."

"சரி" என்றாள் மிக்கேலம்மாள். நம்பாதவர்கள் சொல்கிற சரி அது.

யாகப்பம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு இன்னும் கிட்டத்தில் வந்தாள். அந்த ஆளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போவதில்லை என்றாள். கால் பிழைக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நாளைக்கே கம்பெனிக்கு எழுதப் போகிறேன், உன் பில் மட்டுமில்லை, நம் ஜனங்கள் எல்லார் பில்லையும் எழுதப் போகிறேன், நான் வாங்கியதையும் சேர்த்தே எழுதுவேன், என்ன வந்தாலும் வரட்டும் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்குப் பழைய வேகம் திரும்பி வந்தது. யாருக்கும் பயப்படாத பழைய யாகப்பம்மாளைத் தோழி அடையாளம் கண்டுகொள்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

மிக்கேலம்மாள் கவனமாகத்தான் கேட்டாள். தலையைக்கூட ஆட்டினாள்.

"எழுது, நல்லதுதான்" என்றாள். "எழுதுனா கம்பெனிக்காரன் உனக்கு நூத்துக்கு எவ்வளவு தாரான்?"

யாகப்பம்மாளுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். ஆனால் எதிரே இருந்தவள் குத்திக் காட்டவில்லை, கிண்டலும் பண்ணவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தாள்.